கராஜ் கதகதப்பாக இருந்த மாரி

அண்ணை,

இன்று காலை காரின் பின்பெட்டியைத் திறந்தபோது அந்தச் சாம்பல் நிறத் துணி டேப் சுருள் உருண்டு வந்து பனியில் விழுந்தது. எடுத்து மணந்து பார்த்தேன். அதே ரப்பர் மணம், உங்கள் கராஜின் மணம். மூன்று பனிமாரி கழிந்தும் இதை நான் எறியவில்லை. ஏன் என்று கேட்க நீங்களும் இல்லை.

லாசாலில் பெட்டி செய்யும் கொம்பனியில் நாங்கள் ஒரே மெஷினில் நின்ற காலத்திலேயே என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மொன்றியலில் வீட்டுச் சூடாக்கி திருத்த நான் இறங்காத பேஸ்மென்ட் இல்லை, என் கைபட்ட ஃபர்னஸ் பேசும் என்றெல்லாம் சொல்வேன். லொங்குய்ய் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, நான் திருத்திக் கொடுத்த சூட்டைத் தாங்க முடியாமல் தை மாதத்தில் யன்னலைத் திறந்துவிட்டு விசிறியோடு இருந்தாள் என்று ஒருநாள் சொன்னேன். நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டீர்கள்:

"உன்ர கதையில பாதியைக் கழிக்க வேணும். விசிறியைக் கழிக்கிறதோ, கிழவியைக் கழிக்கிறதோ?"

அதே வாயைத்தான் பிறகு நம்பினீர்கள்.

சிறுநீரகம் பழுதாகி, நீங்கள் வாரத்தில் மூன்று நாள் டயலிசிசுக்குப் போகத் தொடங்கிய மாரி அது. ஊரில் சண்டை நின்று சமாதானம் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கர்க்லாண்டில் உங்கள் வீட்டின் படிகளில் ஏற முடியாமல், கராஜை ஒட்டிய சின்ன அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டார்கள். இரத்தம் சுத்தம் செய்து வரும் நாளில் உடம்பு நடுங்கும். அந்த அறைக்குச் சூட்டுக்காற்று கொண்டுபோகும் தகரக் குழாயோ கராஜின் கூரைக்குக் கீழாகப் போனது. பொருத்துகள் எல்லாம் ஒழுக்கு. குழாய் திருத்தும் கொம்பனி ஆளைக் கூப்பிடுவோம் என்றார் அண்ணி.

"நான் இருக்க வெளியாள் என்னத்துக்கு? ஒரு பின்னேர வேலை. பத்து வருசத்துக்கு அசையாது" என்றேன்.

"பத்தில பாதி அஞ்சு. எனக்கு அது காணும்" என்றீர்கள்.

பொருத்துகளுக்கு வாளியில் வரும் பசையைப் பூசச் சொன்னார் கடைக்காரர். பூச வேண்டும், காயவிட வேண்டும், கை முழுக்க ஊத்தை. எனக்கு அந்தப் பொறுமை எங்கே? துணி டேப்பை வாங்கி வந்தேன். தகரத்தின் தூசியைக்கூடத் துடைக்காமல் சுற்றினேன். மேலே சூடு காக்கும் மஞ்சள் பஞ்சைப் போர்த்திக் கட்டினேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அன்று உங்கள் அறைத் திரைச்சீலை காற்றில் மெல்ல ஆடியது. நான் மற்றவர்களுக்குச் சொன்னபோது அது புயலாகிவிட்டது.

தை மாதம் குளிர் இறுகியிருந்த ஒருநாள் வந்தேன். கராஜில் நின்ற காரின் மேலிருந்த பனி எல்லாம் உருகி நிலத்தில் தண்ணீராய்க் கிடந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உங்கள் அறைக்குள் நுழைந்தேன்.

"பாத்தியளோ அண்ணை, என்ர வேலைக்குக் கராஜே அவியுது! உங்கட அறையைக் கேக்கவும் வேணுமோ?"

மெல்லிய சட்டையோடு கட்டிலில் இருந்தீர்கள். சிரித்தீர்கள்.

"ஓம் ஓம். காருக்கு நல்ல சுகம்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். என் கோட்டைக் கழற்றாமலே குடித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மாசி கடைசியில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

அந்தியேட்டிச் சடங்கு அன்று, வந்தவர்களுக்குக் கதிரை எடுக்கக் கராஜுக்குப் போனேன். பஞ்சுக்குள்ளிருந்து டேப் நாக்குப் போலத் தொங்கியது. கையை விட்டுப் பார்த்தேன். ஒரு பொருத்திலும் அது ஒட்டியிருக்கவில்லை. உங்களுக்கு வரவேண்டிய சூடு அத்தனையும் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் அண்ணி நின்றார்.

"அவருக்குத் தெரியும், தம்பி. வெளியாளைக் கூப்பிடுவம் எண்டு எத்தினை தரம் கேட்டன். 'அவன் அறிஞ்சா நொந்துபோவான், விடு' எண்டவர். நாள் முழுக்கக் கோட்டோடதான் படுக்கை. உங்கட கார் வாற சத்தம் கேட்டா, கெதியாக் கழட்டி ஒளி எண்டுவார்."

அடுத்த சனிக்கிழமை வாளிப் பசை வாங்கினேன். தகரத்தைப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒவ்வொரு பொருத்துக்கும் பூசி, காயவிட்டு, பஞ்சைப் போர்த்தினேன். ஒரு பின்னேர வேலை இல்லை, முழுநாள் வேலை. கராஜ் குளிர்ந்தது. உங்கள் வெறும் கட்டிலின் மேல் சூடு வந்து விழுந்தது. அண்ணி வாசலில் நின்று கையை நீட்டிப் பார்த்தார். கோடையில் வீட்டை விற்றுவிட்டார். யாரோ இப்போது அந்தச் சூட்டில் படுக்கிறார்கள்.

நான் திருந்தவில்லை, அண்ணை. போன கிழமையும் ஒரு கலியாண வீட்டில், என் கைபட்ட ஃபர்னஸ் பேசும் என்றேன். சுற்றி நின்றவர்கள் ஆவென்று கேட்டார்கள். ஒருவர் தன் வீட்டுக் குழாயைப் பார்க்க வரச்சொல்லி விலாசம் எழுதித் தந்தார். சொன்னது முழுவதையும் நம்பிவிட்டார். பாதியைக் கழிக்க அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

விலாசம் சட்டைப்பையில் கிடக்கிறது. சுருளின் பனியைத் தட்டித் திரும்பவும் காரில் வைத்துவிட்டேன். இந்த மடலில் நீங்கள் கழிக்க ஒன்றும் இல்லை.