செத்த நேரம் என்றால் என்ன?

2024 பிப்ரவரி 6
ஒலிபரப்பு ஆணையத்துக்குப் போன் போட்டேன். "பரிசீலனையில் இருக்கு, மேடம்." விண்ணப்பம் கொடுத்து இது மூன்றாவது வருஷம். இந்தப் பதிலைச் சொல்லும் ஆளுக்கு இதற்குள் பதவி உயர்வு வந்துவிட்டது போல. குரலில் கனம் கூடியிருக்கிறது.

எங்கள் மகளிர் விவசாயிகள் சங்க வானொலிக்குத் திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் அறை கட்டி, மைக் வைத்து, கம்பமும் நட்டாயிற்று. உரிமம்தான் இல்லை. கம்பத்தில் இப்போதைக்குக் காக்கைகள் ஒலிபரப்பு செய்கின்றன. அவற்றுக்கு அனுமதி தேவையில்லை.

பிப்ரவரி 11
வீட்டுக்காரர் பாண்டியராஜ் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து பேசினார். "சித்திரைக்குள்ள உரிமம் வரலைன்னா இங்க வந்துரணும் மதி. எம்புட்டு நாளைக்கு ஆளுக்கொரு ஊர்ல பொங்கித் திங்கிறது?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு வக்கீலைத் தேட ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 20
வக்கீல் செபாஸ்தியம்மாள் அக்காவைப் பார்த்தேன். "முடியாதுன்னு சொன்னாக் காரணம் எழுதணும்ல? ஒண்ணுமே சொல்லலைன்னா ஒண்ணுமே எழுத வேணாம். அதுதான் அவுக சாமர்த்தியம்" என்றார். எங்களைக் கூப்பிட்டு விசாரிக்காமல் இழுத்தடிப்பதும் மறுப்புதான் என்று மதுரை ஹைகோர்ட்டில் ரிட் போடுகிறார்.

மார்ச் 19
ஆணையத்தின் பதில் மனு வந்தது. பூந்தோட்டக்காரி சிவனம்மா பேசும் நிகழ்ச்சிக்கு 'செத்த நேரம்' என்று பெயர் கொடுத்திருந்தோம். கொஞ்ச நேரம் என்பதை இந்தப் பக்கம் வேறெப்படிச் சொல்வோம்? யாரோ ஒரு புண்ணியவான் அகராதியைப் புரட்டி 'இறந்த வேளை' என்று மொழிபெயர்த்திருக்கிறார். இறந்தவர்களுக்கான ஒலிபரப்பால் பொது அமைதி கெடுமா என்று இன்னொரு துறைக்குக் கோப்பு போயிருக்கிறது. அந்தத் துறை இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறது!

சிரிக்கவா அழவா? மூணு வருஷம்! ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டமா?

சிவனம்மாவிடம் சொன்னேன். "நான் உசுரோடதான இருக்கேன்? வேணும்னா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

மார்ச் 20
எங்களை விசாரித்து, எட்டு வாரத்துக்குள் காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும் — கோர்ட் உத்தரவு.

ஏப்ரல் 24
காணொளியில் ஆணையத்தின் விசாரணை. "நிகழ்ச்சியில் யாராவது இறப்பார்களா?"

"இல்லை சார்."

"செத்த நேரம் என்பது எத்தனை நிமிடம்?"

பக்கத்தில் இருந்த சிவனம்மா குறுக்கே புகுந்தாள். "பேச்சு முடியுற வரைக்கும் சார்." அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மே 13
சித்திரையின் கடைசி நாள். உரிமம் வந்துவிட்டது! ஒரு நிபந்தனை: நிகழ்ச்சிக்கு முன் தினமும் 'இதில் இறந்தவர் எவரும் இல்லை' என்று அறிவிக்க வேண்டும்.

திருப்பூருக்குப் போன் போட்டு அவருக்குச் சொன்னேன். "சந்தோஷம்" என்றார். உடனே ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு போனை வச்சுட்டார். நான் ஜெயிச்சது அவருக்குத் தோல்வியாப் போச்சோ?

ஜூன் 2
போன் வரவில்லை. நானும் போடவில்லை.

ஜூலை 7
ஒலிபரப்பு தொடங்கி ஒரு வாரம். சிவனம்மா அறிவிப்பைப் படித்துவிட்டு "இன்னைக்கு வரைக்கும்" என்று தானாகச் சேர்த்துக்கொள்கிறாள்.

காலையில் வாசலில் பாண்டியராஜ், காதில் இயர்போனோடு. "ஒட்டன்சத்திரத்துல ஒண்ணும் கேக்கல மதி. திண்டுக்கல் பஸ்டாண்டு வந்ததும் சிவனம்மா என்னா தெளிவாப் பேசுது!"

எத்தனை நாள் லீவு என்று கேட்டேன்.

"இங்க இருந்தாத்தான கேக்குது" என்று சொல்லிவிட்டு, பெட்டி படுக்கையை உள்ளே தூக்கி வைத்தார்.