அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நகர்ந்த அம்பு

இன்றைக்கு ஆயுத பூஜை மாப்ள. அடுக்களையில் சந்தனம் கரைக்கிற வாசம் வந்ததுமே, மேசை மேலிருந்த மவுஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உன் தங்கச்சி, அதுதான் என் சம்சாரம், கண்ணில் பட்டால் அதற்குப் பொட்டு வைத்துவிடுவாள். ஏன் ஒளிக்கிறேன் என்று கேட்காமலே சிரிக்கக் கூடியவன் நீ ஒருவன்தான். நீ இல்லாமல் வருகிற முதல் பூஜை இது.

போன வருஷம் இதே நாள், புனேயிலிருந்து மகள் போன் செய்தாள். வேலை கிடைத்த மாதிரிதான், டிகிரி சர்ட்டிபிகேட் மட்டும் ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்றாள். ஸ்கேன் செய்து வைத்தது நாமக்கல்லில் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடந்தது. அதைத் தூரத்திலிருந்தே திறக்கிற ஆப்பை அவள் போனிலும் உன் போனிலும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தாள்.

"நான் தொறந்து பாத்தேன், ஆஃப்லைன்னு வருதுப்பா. மாமாவப் பாக்கச் சொல்லுங்க. என்னைய உள்ள கூப்படறாங்க" என்று வைத்துவிட்டாள்.

என்னை நம்பாமல் உன்னை ஏன் நம்பினாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பத்தாவதில் நாம் இரண்டு பேரும் ஒரே கணக்குப் பரீட்சையில்தான் கவிழ்ந்தோம். நீ டயர் ரீட்ரெடிங் கடை வைத்தாய், நான் கோழிப்பண்ணை வைத்தேன். ஆனால் நீ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு போனைப் பார்ப்பாய். அதில் ஏமாந்திருப்பாள். உனக்குப் போன் போட்டேன், எடுத்ததும் விசாரணையை ஆரம்பித்தாய்.

"நெட்டு இருக்குதா மாப்ள?"

"இருக்குது."

"வைபை பெட்டியில லைட்டு எரியுதா?"

"பச்சையா எரியுது."

அணைத்துப் போடு என்றாய், போட்டேன். பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாய், சொன்னேன். ஆப்பையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாய். அரை மணி நேரம் போயிற்று. கடைசியில் சலித்துப்போய், "கம்ப்யூட்டரு இப்ப எப்படித்தான் இருக்குது?" என்று கேட்டாய்.

"நல்லாத்தான் இருக்குது. மாலை போட்டு, பொட்டு வெச்சு, முன்னாடி பொரியும் வெச்சிருக்குது."

"ஆன்ல இருக்குதா?"

"பூஜையில வெச்சத எவனாவது ஆன்ல வெப்பானா?"

டிவி அணைந்து கிடந்தாலும் ரிமோட் எழுப்பிவிடுகிறதே, இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்ததைச் சொன்னேன். நீ திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இந்த மடலை மகளும் படிப்பாள்.

சரி, போடுகிறேன் என்று கையை நீட்டினால், உன் தங்கச்சி குறுக்கே வந்து நின்றாள். "ஏனுங்க, பூசையில வெச்சத நாளைக்குக் காத்தால தான் எடுக்கோணும். இன்னைக்குத் தொட்டா வருஷம் பூரா வெளங்குமா?" ஒரு பக்கம் மகளின் வேலை, ஒரு பக்கம் சரஸ்வதி. நான் நடுவில் பொரியைத் தின்றுகொண்டு நின்றேன்.

நீதான் ஸ்பீக்கரில் பஞ்சாயத்துப் பண்ணினாய். "தங்கச்சி, அவன் தொட வேண்டாம். நான் தொட்டுக்கறேன். நான் இங்க அயோத்தியாப்பட்டணத்துல, கம்ப்யூட்டரு அங்க நாமக்கல்லுல. இது எப்படித் தொட்டதாகும்?"

அவள் யோசித்தாள். "அண்ணன் சொல்றதும் சரித்தானுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கற்பூரம் காட்டி, பட்டனை அவளே அமுக்கினாள்.

திரையில் அம்பு தானாக நகர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் டயரைப் புரட்டிய உன் விரலுக்கு அந்தப் போன் திரை எம்மாத்திரம்? அம்பு கூண்டிலிருந்து தப்பிய கோழி மாதிரி ஓடியது. சர்ட்டிபிகேட்டைப் பிடித்தாய், இழுத்தாய், காணோம்.

"மாப்ள, எங்கயோ உளுந்துருச்சு."

"எங்க உளுந்துச்சு?"

"குப்பைத்தொட்டியிலயாட்ட இருக்குது."

மணி நாலே முக்கால். சாமியாவது பூஜையாவது என்று மவுஸைப் பிடித்தேன். அம்பு அசையவே இல்லை. திருப்பிப் பார்த்தால், அடியில் விளக்கு எரிய வேண்டிய ஓட்டையில் சந்தனம் காய்ந்து, அதன்மேல் குங்குமம். சுரண்டச் சுரண்ட உள்ளேதான் போயிற்று. "செவப்பா ஒரு கண்ணு எரியுமேன்னு அங்கதானுங்க மொதல்ல வெச்சேன்" என்றாள் உன் தங்கச்சி. ஆகவே என் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆட்ட அன்றைக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

"யாரும் பேசாதீங்க" என்றாய். உன் மூச்சு மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. குப்பைத்தொட்டி திறந்தது. சர்ட்டிபிகேட் வெளியே வந்தது. மெயிலில் ஏறியது. போய்விட்டது என்று திரையில் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டரைக் கும்பிட்டோம். உன்னைத்தான் கும்பிட்டிருக்க வேண்டும்.

மகளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வாரம் இனிப்போடு உன் கடைக்கு வந்தேன். "நாளைக்கு எனக்கு இப்படி ஒண்ணுன்னா யாரு வருவா?" என்று என் போனை வாங்கி, உன் கடைக் கம்ப்யூட்டரை நான் திறக்கிற மாதிரி என்னவெல்லாமோ தட்டிக் கொடுத்தாய். அதற்கு வேலை வருமுன்பே, மாசியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ கிளம்பிவிட்டாய்.

கடையை இப்போது என் தங்கச்சி, அதுதான் உன் சம்சாரம், பார்க்கிறாள். போன மாதம் பில் போடுகிற இடம் திறக்கவில்லை என்று போன் செய்தாள். ஆப்பைத் திறந்து உன் கடைக்குள் நுழையப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவள் தயங்கினாள்.

"அண்ணா, இங்க என்னமோ கேக்குதுங்க. 'மக்கு மாப்ள' உள்ள வரலாமான்னு போட்டிருக்குது. யாருங்க அது? உடலாமுங்களா?"

அன்றைக்கு என் போனை வாங்கியபோது எனக்கு நீ வைத்த பேர். என் திரையில் அது தெரிவதே இல்லை. உன் கடையில் மட்டும்தான் தெரியும்.

"நான்தான் தங்கச்சி. உடு" என்றேன். அவள் சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

பில் சரியாகிவிட்டது, எப்படி என்று கேட்காதே. பேரை மாற்ற ஒரு நிமிஷம் போதும் என்கிறாள் மகள். நான் மாற்றவில்லை. என்னை அப்படிக் கூப்பிட இப்போது உன் கடைக் கம்ப்யூட்டர் மட்டும்தான் இருக்கிறது.