பாலத்தின் பாதிவரை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய், டிவியில் பார்த்தேன். தேசப்பற்று வெறும் உணர்ச்சியல்ல, உலக ஒழுங்குக்கே அதுதான் அஸ்திவாரம் என்றாய். ஒவ்வொரு நாடும் தன் மக்கள் யார் என்று முதலில் கோடு கிழித்துக்கொண்டால்தான் நாடுகளுக்கிடையே அமைதி நிலைக்கும் என்றாய். கூட்டம் கைதட்டியது. மறுவாரமே இங்கே எல்லையில் ஆற்றுப்பாலத்தை மூடிவிட்டார்கள்.

அக்கரையில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு, உன் மருமகளுக்கு, பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இதைச் சந்தோஷமாக எழுத வேண்டியவள் நான். எதிரி நாட்டுக்காரியை வீட்டில் வைத்திருக்கிறாயா என்று கேட்டு, மாப்பிள்ளையின் எலக்ட்ரிக் கடையை அடித்து நொறுக்கிவிட்டார்கள். அங்கேயும் உன்னைப்போல ஒருவர் டிவியில் பேசியிருப்பார். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர்தான் இவளைக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். பச்சை உடம்புக்காரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தாள்.

இந்தப் பக்கம் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அவள் வரலாமாம், குழந்தை வரக்கூடாதாம். அப்பன் அந்நியனாம். கண்கூடச் சரியாகத் திறக்காததற்கு எந்த நாடு தெரியும் என்று கத்தினேன். காரியம் நடக்குமே என்று உன் பெயரையும் சொல்லித் தொலைத்தேன். காவல் அதிகாரி கோபப்படவே இல்லை. "உங்க அண்ணனேதான் சொன்னாரேம்மா, நம்ம ஆளு யாருன்னு மொதல்ல தெரியணும்னு" என்றார், மரியாதையாக.

பாதிப் பாலத்தில் அவளை நிறுத்திச் சொன்னார்கள். குழந்தையின் தலையைத் துணியால் மூடினாள். "நான் போறேம்மா, நீ வெயில்ல நிக்காத" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தாள். அதற்குப் பிறகு போன் கிடைக்கவில்லை.

இதைப் பற்றியெல்லாம் நீ எழுதிய புத்தகத்தை மறுபடி புரட்டினேன். நானும் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள்தான். நாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை பக்கங்களிலும் நாடுகள்தான் பயப்படுகின்றன, நாடுகள்தான் கோபப்படுகின்றன. பயந்துபோன மனுஷி ஒருத்திகூட இல்லையே, ஏன்?

உன் கொள்கையை மாற்றிக்கொள் என்று கேட்கவில்லை. அமைச்சர் உன் போனை எடுப்பார். ஒரு குழந்தைக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கொடு. அன்று பாலத்தில் என் மகளுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் கைக்குழந்தையோடு நின்றார்கள். அவர்களுக்காக நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு என்னைச் சிறியவளாக்கிவிட்டாய்.

நீ நன்றாக இரு. இருந்தாக வேண்டும். திட்டுவதற்கும் கெஞ்சுவதற்கும் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படிக்கு,
இன்னமும் உன் தங்கை