அம்மாவின் பெயர் வைத்த காரல்

ஐப்பசி, வியாழன் இரவு

இன்று என் ஆய்வு நெறியாளர் சாரிடம் சொல்லியே விட்டேன். புது இனம் என்று அறிவித்து, தன் அம்மாவின் பெயரை அவர் சூட்டிய காரல் மீன் புது இனமே இல்லை. வெகுகாலம் முன்பே வேறொருவர் பெயர் வைத்த காரலின் பெட்டை அது. ஆணுக்கு விலாவில் வெளிச்சம் கசியும் கண்ணாடித் திட்டு ஒன்று உண்டு. அது இல்லாததைப் பார்த்துத்தான் சார் தனி இனம் என்று முடிவு கட்டினார். சான்றாக வைக்கும் மீனைச் சிதைக்கக் கூடாதென்று ஒன்றின் வயிற்றையும் அவர் கீறவில்லை. நான் பட்டினச்சேரிக் கரையில் வாங்கியதையெல்லாம் கீறினேன். திட்டு இல்லாத அத்தனையிலும் சினை. ஆணோடு ஒப்பிட்டால் மரபணுவும் ஒன்றுதான்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் ரிட்டயர் ஆவுற வரைக்கும் பொறுக்க மாட்டியாம்மா?"

"முதல்ல வச்ச பேருதான் நிக்கும்னு வகுப்புல நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்.

அதுதான் உறுத்துகிறது. இருந்தாலும் பொறுக்க மாட்டேன். நான் விட்டால் வேறு எவனாவது எழுதுவான். அவனுக்குச் சாரையும் தெரியாது, அந்த அம்மாவையும் தெரியாது.

நாளை இந்தத் தவற்றைத் திருத்தும் கட்டுரையை அவர் முன்னால் வைப்பேன். என் பெயருக்கு மேலே அவர் பெயர் இருக்கும். சரி என்று சொல்லும்வரை நகர மாட்டேன். மீனிலிருந்து அம்மாவின் பெயரை மகனே எடுக்கட்டும்.