நாற்பத்தொன்றாம் வரிசை

2024 மார்ச் 11
சூலூர் தோட்டம் முழுக்க மஞ்சள் தேமல் நோய். எனக்கு இது நல்ல செய்தி. நோய் வரட்டும் என்றே, அது எளிதில் பிடிக்கும் ஊர் அவரையை இரண்டு வரிசைக்கு ஒன்றாக நட்டோம். வெள்ளை ஈ அதிலிருந்து வைரஸை எடுத்து என் செடிகளுக்குப் பரப்ப வேண்டும்; எது தாங்குகிறதோ அதுதான் விதை. ஆறு வருடமாக இதே பிழைப்பு. இந்த வருடமும் ஒன்றும் தேறாவிட்டால் ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவதாக விதைக் கம்பெனி சொல்லிவிட்டது.

41ஆம் வரிசை மட்டும் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2
41 பச்சை! சுற்றிலும் எல்லாம் சுருண்டு கிடக்கிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பாலுசாமி அண்ணனுக்கு என்னைவிடச் சந்தோஷம்.

ஜூலை 5
உடுமலை அழகிரிசாமி ஐயாவுக்குப் போன வருடம் அவரை மொத்தமும் தேமலில் போனது. கால் ஏக்கருக்கு 41 விதை கொடுத்தேன். இன்னொரு பட்டம் சோதித்துப் பார்த்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை.

ஜூலை 29
இங்கேயும் 41 முளைத்துவிட்டது. பாலுசாமி அண்ணன் மருந்து டேங்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தத் தடவையும் நாப்பத்தொண்ணுக்கு அடிச்சு உட்றட்டுங்களா?"

இந்தத் தடவையுமா?

"தெனமும் அந்த வரிசைகிட்டயே மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னீங்க. மனசு கேக்கலீங்க. நீங்க பஸ்ஸேறினதும் அதுக்கு மட்டும் அடிச்சுப்போட்டேன்."

மருந்தே படக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! கத்தத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஈ அண்டாத செடி பச்சையாகத்தானே இருக்கும் — அது எதையுமே தாங்கவில்லை.

ஜூலை 30
அழகிரிசாமி ஐயாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "வெதச்சு மொளச்சுப்போச்சுங்களே அம்மணி. இனி என்னத்தப் புடுங்கறது?"

ஆகஸ்ட் 24
மருந்தில்லாத 41. ஒரு செடி மிச்சமில்லை.

செப்டம்பர் 3
உடுமலை போனேன். பாதிக்கு மேல் மஞ்சள்.

"இருக்கற பச்சையையாச்சும் காப்பாத்தோணுமுங்க. எந்த மருந்து அடிக்கட்டும், சொல்லுங்க அம்மணி."

அந்தப் பச்சையில் எது ஈ படாமல் தப்பியது? எது பட்டும் தாங்குகிறது? மருந்தில்லாமல் விட்டால் தெரிந்துவிடும். எனக்கு ஒரு செடியாவது கிடைக்கலாம். கிடைக்காமல் அவர் காடு மொத்தமும் போகலாம்.

அடிக்காதீங்க என்று சொல்ல வாய் வரை வந்தது.

மருந்தின் பெயரைச் சொன்னேன். டேங்க்குக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.