ஒரு கட்டம் தள்ளிப்போன வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா சரியாகத் தூங்குகிறாளா?

நேற்று எங்கள் ஆஸ்பத்திரியில் மென்பொருள் படுத்துவிட்டது. நோயாளிகளின் விவரமெல்லாம் கமாவால் பிரித்த ஒரே கோப்பாக, கணினிப் பிரிவில் என்னிடம் இருந்தது. கட்டளைகளை மட்டும் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையால் அதை அட்டவணையாக்கி, குழந்தைகள் வார்டுக்கு மருந்தளவுகளைப் போனில் வாசித்தேன்.

"ஆறாம் படுக்கை, பதினாலு மில்லி."

"பதினாலா? பச்சப் புள்ளைக்கா? ஏத்திடவாம்மா?" என்றார் நர்ஸ்.

மறுபடி பார்த்தேன். அந்த வரி மட்டும் ஒரு கட்டம் நீண்டிருந்தது. ஒவ்வாத மருந்துகள் இரண்டை யாரோ நடுவில் கமா போட்டு எழுதியிருக்க, என் கட்டளை அங்கேயும் வெட்டி, மற்றதையெல்லாம் வலப்பக்கம் தள்ளியிருந்தது.

"கை வைக்காதீங்கக்கா! பதினாலுங்கறது புள்ளையோட எடை. மருந்து மூணுதான்!"

"ஊசி இன்னும் என் கையிலதான் இருக்கு, தாயே" என்றார்.

குழந்தை நலம். நானும்தான், கவலைப்படாதீர்கள்.

ஒரு சின்ன உதவி. டாக்டர் மாத்திரையை மாற்றினால், பெயரைப் போனில் வாசிக்க வேண்டாம். அட்டையைப் படமெடுத்து அனுப்புங்கள். அதை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் முகமும் தெரியட்டும்.

வார்டிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

உங்கள் இளையவள்