அப்பாவின் மூன்று வாக்கியங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று தோன்றும். போன் இருக்கும் அறையில்தான் அப்பாவும் இருக்கிறார். மூன்று வருடமாக அதே நாற்காலி, முகத்தை மறைத்தபடி செய்தித்தாள். அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுத்தான் உன்னோடு பேசுகிறாள் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ. தனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று காரணம் சொல்வாள். அவள் காதில் ஒரு குறையும் இல்லை.

விஷயம் இதுதான். அப்பா ஸ்பானிஷ் படிக்கிறார். சிரிக்காதே.

முதலில் தொடங்கியது நான். நாளைக்குக் குட்டியும் அத்தானும் அவர் பாஷையில் பேசிக்கொள்ளும்போது சித்தி பொம்மை மாதிரி நிற்கக் கூடாதே என்று நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். "அந்தப் பையன் குழந்தையைத் தூங்க வைக்க என்னமோ சொல்லிட்டே இருக்கானே, அது என்ன?" என்று கேட்டார். நீ பேசும்போது பின்னால் கேட்கும் அத்தானின் குரலைச் சொன்னார். "தூங்கு, தூங்குன்னு சொல்றார்ப்பா. துவெர்மெத்தே" என்றேன். அதை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மாதக்கணக்கில் சரியான தூக்கமே இல்லை என்று நீ அம்மாவிடம் சொன்னது அந்த வாரம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே புத்தகத்தைக் கேட்டார். முதல் தகராறு அந்தத் தூங்கும் வினைச்சொல்லோடுதான். தோர்மீர் என்றால் தூங்குவது. நான் தூங்குகிறேன் என்றால் நடுவில் இருக்கும் ஒலி உடைந்து துவெர்மோ ஆகிவிடுகிறது. நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் அப்படியே உடைகிறது. நாங்கள் என்றால் மட்டும் பழையபடி தோர்மீமோஸ். உடைகிற வடிவங்களைச் சுற்றிப் புத்தகத்தில் ஒரு பூட்ஸ் படம் வரைந்திருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் செருப்புக் கடையில் நின்றவரிடம் அதைக் காட்டலாமா? உற்றுப் பார்த்துவிட்டு, "இது யார் காலுக்கும் ஏறாது" என்றார். பிறகு, "வேரையே மாத்துறானுங்களே, நம்ம பாஷையில இப்படி உண்டா?" என்று சண்டைக்கு வந்தார். "வா, வரேன், வந்தேன். நாம மட்டும் என்னவாம்?" என்றேன். வா, வா என்று முணுமுணுத்தபடி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பின்பக்கத்துக் கிடங்கு உனக்கு நினைவிருக்கும். கூரை வரை அட்டைப்பெட்டிகள், உயரத்தில் ஒரே ஒரு கண்ணாடி ஜன்னல், புதுத் தோலும் பசையும் கலந்த வாசனை. வெயில் சாய்வாக இறங்கி, தூசியை மிதக்க விட்டிருந்தது. பெட்டிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது: துவெர்மோ, துவெர்மெஸ், துவெர்மே. நான் கூப்பிடாமல் நின்றுவிட்டேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மெல்லிய தாளைப் போர்த்திக்கொண்டு ஒரு ஜோடி, தலைமாடு கால்மாடாகப் படுத்துக்கிடக்கிறது. அத்தனையையும் அவர் தூங்கப் பண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கே கண் சொருகியது. உனக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் அந்தப் பெட்டி வரிசை மட்டும்தான், எட்டிப் பார்த்தால் நீ அந்தப் பக்கம் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு இருப்பாய் என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பினேன்.

பெட்டி மூடிகளில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் மூடியில் விரும்புகிறேன், விரும்புகிறாய் என்பதற்கு எழுதியிருந்த கியேரோ, கியேரெஸைப் படித்துவிட்டு இது புது கம்பெனியா என்று கேட்டாராம்.

அம்மா விடுவாளா? "பெத்த பொண்ணுகிட்ட பேசத் துப்பில்ல, இன்னொரு பாஷை வழியா ஊரைச் சுத்திக்கிட்டு வர்றாராம் மனுஷன்" என்றாள். அப்பா நிமிரவே இல்லை. "அவகிட்ட பேச மாட்டேன்னுதான் சொன்னேன். அவன்கிட்ட பேச மாட்டேன்னு எப்பவாவது சொன்னேனா?" என்றார்.

அப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். உன் கல்யாணத்தன்று சொன்னதை இனித் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. இது ஒன்றுதான் அவர் கண்டுபிடித்த வழி.

குட்டியின் முதல் பிறந்தநாள் அன்று, உங்களுக்குக் காலையாக இருக்கும்போது, கிடங்கிலிருந்து கூப்பிடப்போகிறார். அத்தானின் எண்ணை என்னிடம் வாங்கிக்கொண்டார். மூன்று வாக்கியங்கள் தயார் செய்திருக்கிறார். நான் குழந்தையின் தாத்தா என்பது முதலாவது. குழந்தை நன்றாகத் தூங்குகிறதா என்பது இரண்டாவது. இரண்டையும் என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். பதற்றத்தில் துவெர்மே என்பதற்குப் பதிலாக தோர்மே என்றுதான் வரும். அத்தான் திருத்த வேண்டாம் என்று சொல்லி வை.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். மணி அடித்தால் நீ எடுக்காதே. உன் வாயிலிருந்து "அப்பா" என்று ஒரு சொல் வந்தால் வைத்துவிடுவார். அப்புறம் வெட்கத்திலேயே இன்னும் எத்தனை வருடம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பாரோ தெரியாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தான் பக்கத்தில் நின்றுகொள், போதும்.

மூன்றாவது வாக்கியத்தை என்னிடம் காட்டவில்லை. அவருடைய மேசைக்கு அடியில் இருந்த மூடியில் பார்த்தேன். இ லா மாத்ரே, துவெர்மே? குழந்தையின் அம்மா தூங்குகிறாளா என்று அர்த்தம். எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை.

அதற்கு அத்தான் உண்மையையே சொல்லட்டும். மெதுவாகச் சொல்லட்டும். புரியாவிட்டால் அப்பா திரும்பக் கேட்பார். எத்தனை தரம் வேண்டுமானாலும் கேட்கட்டும்.

குட்டிக்கு என் முத்தங்கள்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கை